மலைபடுகடாமும் காதுக்குள் ஒரு குரலும்

பயண இலக்கியம் என்றதும் நம் நினைவுக்கு வருவது, பயணம் முடித்து வீடு திரும்பியவர் எழுதும் நூல். ஏ.கே. செட்டியார் போன்றோரின் பயண நூல்களை நாம் திண்ணையில் அமர்ந்தோ நூலக மேசையிலோ படித்தோம். சொல்லப்படும் இடம் ஓரிடம், படிக்கப்படும் இடம் வேறோரிடம். அந்தத் தூரமே அந்நூல்களுக்குச் சுவை தந்தது. ஆனால், சொல்லப்படும் இடத்தின் நடுவிலேயே நிற்பவனை நோக்கி, ‘அப்படியே நில், வலப்பக்கம் திரும்பு, மேலே பார்’ என்று பேசும் உரைநடை ஒன்று நம் காலத்தில் பெருகி வளர்ந்திருக்கிறது. அயல்நாட்டுப் பேராலயங்களையும் அருங்காட்சியகங்களையும் காணப் போகிறவர்கள் புறப்படுமுன் வீட்டிலேயே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டு, அங்கே இணையத் தொடர்பு ஏதுமின்றிக் கேட்டுக்கொண்டே நடக்கும் ஒலிவழிகாட்டிகளையே இங்குக் குறிப்பிடுகிறேன். இவற்றைப் பயணிக்குரிய ஒரு வசதி என்று எண்ணி விட்டுவிடுவதே வழக்கம். எழுதப்பட்டு, குரலில் ஏற்றப்பட்டு, ஒருவர் உள்ளத்தில் ஓரிடத்தைப் பற்றிய எண்ணத்தை உருவாக்கும் எதுவும் திறனாய்வுக்கு உரியதே. அதிலும், வாழ்நாளில் ஒரே ஒருமுறை உரோமைக்கோ எருசலேமுக்கோ போகும் நம்மவருக்கு, அந்த ஒருமுறை எந்தக் குரலின் வழியே வாய்க்கிறது என்பது அற்பமான கேள்வியன்று.

கருவியின் இயல்பை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒரு நிமிடப் பேச்சு ஏறத்தாழ ஒரு மெகாபைட் இடம் கொள்ளும். ஆகவே முக்கால் மணி நேர வழிகாட்டி ஒன்று நாற்பது, ஐம்பது மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. வெளிநாட்டில் நம் ஊர்க் கைப்பேசி எண்ணில் இணையத்தைத் திறந்தால் கட்டணம் ஏறும் என்ற அச்சம் உள்ளவர்க்கு இது பெரும் ஆறுதல். செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சைகைகளைக் கைப்பேசி வெறுமனே வாங்கிக்கொள்வதால், சிம் அட்டை இயங்காவிட்டாலும் தான் நிற்கும் இடத்தை அதனால் அறிய முடிகிறது. தெருவில் நடக்கும்போது உரிய முனை வந்ததும் குரல் தானே தொடங்கும் வழிகாட்டிகள் இவ்வாறுதான் இயங்குகின்றன. கனத்த கற்சுவர்களுக்குள் அந்தச் சைகை நலிந்துவிடும். எனவே பேராலயத்திற்குள் நுழைந்ததும் பயணி பழைய முறைக்குத் திரும்பி, எண்ணை அழுத்தியோ குரல் சொல்லும் அடையாளத்தைத் தேடியோ நகர வேண்டும். இந்தத் தேடலில்தான் எழுத்தாளனின் திறம் வெளிப்படுகிறது. ‘நுழைந்தவுடன் வலப்புறம் முதல் சிற்றாலயம்’ என்று தெளிவாகச் சொல்லத் தெரியாதவன் எவ்வளவு வரலாறு அறிந்திருந்தும் பயனில்லை.

இந்த வகையின் வயது எழுபது ஆண்டுகளுக்கு மேல். ஆம்ஸ்டர்டாம் நகரின் ஸ்டெடலிக் அருங்காட்சியகம் 1952ஆம் ஆண்டிலேயே பார்வையாளர் கையில் சிறு வானொலி வாங்கிகளைக் கொடுத்தது. ஒலிபரப்பு ஒன்றே ஆதலால், கூட்டம் முழுவதும் ஒரே வேளையில் ஒரே ஓவியத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1957இல் தொடங்கிய அக்கூஸ்டிகைட் நிறுவனத்தின் தொடக்ககாலப் பதிவு ஒன்றில், எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையார் தம் குடும்ப இல்லத்தைப் பற்றித் தாமே பேசினார். பிறகு ஒலிநாடா வந்தது, குறுந்தகடு வந்தது, கைப்பேசி வந்தது. இந்தப் படிகளில் நின்று நேரம் போக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு படைப்பை மட்டும் தனித்துச் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள அல்கட்ராஸ் தீவுச் சிறை 1963இல் மூடப்பட்டது. அதன் கொட்டடிகளைச் சுற்றிக் காட்டும் ஒலிவழிகாட்டி 1987இல் உருவானது. அதில் பேசுபவர்கள் தேர்ந்த குரல் கலைஞர்கள் மட்டுமல்லர். அங்கே காவல் புரிந்தவர்களும், அங்கேயே அடைபட்டுக் கிடந்தவர்களும் தம் சொந்தக் குரலில் பேசுகின்றனர். இரும்புக் கதவு சாத்தப்படும் ஓசையும் கேட்கிறது. வாழ்ந்தவர் நாவில் இடத்தைப் பேச வைத்த அந்த முடிவு, இவ்வகை எழுத்தின் வரலாற்றில் ஒரு திருப்பம் என்றே மதிப்பிடுகிறேன். இதற்குப் பின்னர் வருவேன்.

உரோமைக்குப் போகும் ஆங்கிலம் அறிந்த பயணிகள் இன்று பெரிதும் நாடுவது ரிக் ஸ்டீவ்ஸ் என்ற அமெரிக்கரின் பதிவுகளை. ஐரோப்பாவைப் பற்றிப் பல ஆண்டுகளாக நூல்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் தந்து வருபவர். புனித பேதுரு பேராலயம், சிஸ்டைன் சிற்றாலயம், கொலோசியம், பந்தெயோன் முதலியவற்றுக்கு அவர் தந்துள்ள ஒலிவழிகாட்டிகளைக் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். அவர் நடையின் சிறப்பு எளிமை. எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்பதில் குழப்பமே வராது. இடையிடையே நகைச்சுவை. கேட்பவனைத் தம் தோழனாக நடத்தும் பாங்கு. இவற்றை நான் உளமாரப் பாராட்டுகிறேன். நம் கோயில் வளாகங்களில் விற்கும் தலவரலாற்றுச் சிறுநூல்களை எழுதுவோர் அவரிடம் கற்க வேண்டியவை பல.

ஆனால் அந்தத் தோழன் அமெரிக்கன். அவர் ‘நாம்’ என்று சொல்லும்போது நினைப்பது தம் நாட்டிலிருந்து இரண்டு வார விடுமுறையில் வந்தவரை. இது அவர் குற்றமன்று. தம் மக்களுக்கு அவர் பேசுகிறார். பேராலயக் குவிமாடத்தின் உயரம் 136 மீட்டர் என்று கேட்கும் நம் ஊர்க்காரருக்கு அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு என்று சொன்னால் கழுத்து தானே நிமிரும். அளவுகளைச் சொல்வது எளிது. யாருடைய கண்ணுக்குச் சொல்கிறோம் என்பதே கடினம்.

பதிவு செய்யப்பட்ட குரலுக்கு மற்றொரு குறை உண்டு. அது முதுமை அடைவதில்லை, இடமோ மாறிக்கொண்டே இருக்கிறது. பெர்னினியின் வெண்கல விதானத்தை நிமிர்ந்து பார் என்று குரல் சொல்லும். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் அக்டோபர் வரை புதுப்பிக்கும் பணிக்காக அந்த விதானம் சாரக்கட்டுக்குள் மறைந்திருந்தது. அப்போது போனவர்கள் இரும்புக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே அதன் முறுக்குத் தூண்களின் அழகைக் காதால் கேட்டனர். புனிதக் கதவு மூடியே இருக்கும் என்று முன்பு பதிவான குரல் சொல்லிக்கொண்டிருக்க, 2024 டிசம்பர் 24 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் திறந்துவைத்த அந்தக் கதவு வழியே, 2026 சனவரி 6 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அதை மூடும்வரை, யூபிலித் திருப்பயணிகள் அணி அணியாக நடந்தனர். பாரீசு நகர நோத்ருதாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று தீக்கிரையாகி, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய பதிவுகளை வைத்திருப்பவரிடம், எரிந்து விழுந்துபோன பழைய கூர்ங்கோபுரத்தின் கதை இன்னும் நிகழ்காலத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும். உயிருள்ள வழிகாட்டி என்றால் ‘நேற்றுவரை இங்கே இருந்தது ஐயா’ என்று சொல்லியிருப்பான்.

நம்மவர் நடைமுறையில் நிகழ்வதை எண்ணிப் பாருங்கள். அயல்நாட்டில் பணிபுரியும் மகளைக் காணக் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து போகிற தாய் தந்தையர், ஊர் திரும்புமுன் உரோமையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகின்றனர். மகள் ஒலிவழிகாட்டியை இறக்கி வைத்திருக்கிறாள். ஆங்கிலக் குரல் அவள் காதில் பேசுகிறது. பெற்றோர் அவள் முகத்தைப் பார்த்து நிற்கின்றனர். அவள் நிறுத்தும் பொத்தானை அழுத்தி, கேட்டதில் பாதியை விட்டு, மீதியைத் தன் சொற்களில், ‘அப்பா, இதைச் செய்தபோது அவருக்கு இருபத்து நான்கு வயதுதானாம்’ என்று சொல்கிறாள். அந்தச் செவிக்கருவியின் மிகச்சிறந்த உறுப்பு அந்த நிறுத்தும் பொத்தான்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. குரல் நின்ற இடைவெளியில்தான் அந்தக் குடும்பத்திற்கு உரோமை கிடைக்கிறது. வத்திக்கான் அருங்காட்சியகங்களில் வாடகைக்குக் கிடைக்கும் கருவிகளின் மொழிப் பட்டியலில் ஐரோப்பிய மொழிகளோடு சீனமும் சப்பானியமும் அரபும் இடம்பெறுகின்றன. நம்மவர் கைகள் நாடுவது ஆங்கிலப் பொத்தானையே. 1931 பிப்ரவரி 12 அன்று மார்க்கோனியின் உழைப்பால் எழுந்த வத்திக்கான் வானொலியோ பல பத்தாண்டுகளாகத் தமிழில் பேசி வருகிறது. கடல்கடந்து நம் வீடு தேடி வரும் தமிழ், நாம் அங்கே போய் நிற்கும்போது நம் காதுக்குள் இல்லை.

மொழி இல்லாமற்போனால் என்ன இழப்பு என்று கேட்கலாம். ஆங்கிலம் தெரிந்தவர்க்கு இழப்பில்லை என்றும் சொல்லலாம். நான் ஒப்பவில்லை. மைக்கேல் ஆஞ்சலோ 1498, 1499ஆம் ஆண்டுகளில் ஒரே பளிங்குக் கல்லில் வடித்த பியெத்தாவை எடுத்துக்கொள்வோம். 1972இல் ஒருவன் சுத்தியலால் தாக்கியதிலிருந்து அது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. பளிங்கின் ஊர், சிற்பியின் வயது, தாக்கியவனின் கதை, மரியாவின் முகம் ஏன் அத்தனை இளமையாக இருக்கிறது என்ற வினா ஆகியவற்றை ஒலிவழிகாட்டிகள் தவறாமல் சொல்லும். எல்லாம் தேவையான செய்திகளே. ஆனால் ‘வியாகுல மாதா’ என்ற இரண்டு சொற்களைத் தமிழில் சொல்லிவிட்டால், அந்தச் சிற்றாலயத்தின் முன் நிற்கும் இறையூர்க்காரப் பெண்மணிக்குப் பிற விளக்கம் எதுவும் வேண்டியதில்லை. யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்து எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பெரிய வெள்ளிக்கிழமைகளில் கேட்டு அழுதவர் மரபில் வந்தவர் அவர். மடியில் மகனைக் கிடத்திய தாயை அவர் கலைப்பொருளாகக் காணத் தொடங்கும் முன்பே அறிந்திருக்கிறார். ஒலிவழிகாட்டி அந்த அறிவைத் தொடாமல், அவரை ஏதும் அறியாத புதியவராக்கி, முதலிலிருந்து பாடம் நடத்துகிறது. இதுவே என் முதன்மையான குற்றச்சாட்டு.

இன்னும் ஒன்று. நடந்து, நின்று, கேட்டு, மீண்டும் நடக்கும் இந்த முறை நமக்குப் புதிதன்று. சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகள் வேறென்ன? எருசலேமின் தெருக்களுக்குப் போக இயலாத மக்களுக்காக அந்தத் தெருவையே எடுத்து வந்து ஆலயச் சுவர்களில் பதித்தனர் பிரான்சிஸ்கன் துறவியர். நிலைகள் பதினான்கு என்று 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் உறுதிப்படுத்தினார். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நம் சிற்றூர் ஆலயங்களில், மின்சாரம் நின்றுபோன மாலையிலும் எவ்விதத் தொடர்பும் தேவைப்படாமல் இயங்கும் வழிகாட்டி அது. ஒரு குரல் நிலையைச் சொல்கிறது, கூட்டம் மறுமொழி சொல்கிறது, முழங்கால் மடிகிறது. செவிக்கருவிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த மறுமொழியில் இருக்கிறது. காதுக்குள் பேசும் குரலுக்கு நாம் பதில் சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்பவர் கேட்பது வேறொரு நிமிடத்தின் வேறொரு வாக்கியம். 1952இன் ஆம்ஸ்டர்டாம் கூட்டமாவது ஒன்றாக நின்றது.

இனி நம் மரபின் அளவுகோலுக்கு வருவோம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையின் வடவெல்லையில் நின்றால், தென்பெண்ணைக்கு அப்பால் செங்கம் இருக்கிறது. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் பாடும் செங்கண்மா அதுவே. நன்னன் சேய் நன்னன் ஆண்ட நாடு. பாட்டில் வரும் நவிர மலை இன்றைய பர்வதமலை என்றும், சேயாறு இன்றைய செய்யாறு என்றும் அறிஞர் கொள்வர். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் செய்த இந்தப் பாட்டைக் கூத்தராற்றுப்படை என்றும் வழங்குவர். உ.வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சேற்றியதால் நம் கைக்கு வந்தது. நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். கேட்பவன் அதை மனத்தில் ஏற்றிக்கொண்டு நடக்க வேண்டும். இறக்கி வைத்துக்கொண்டு தொடர்பின்றிக் கேட்பது என்று நாம் இன்று சொல்வதன் மூல வடிவம் இதுவே என்றால் மிகையாகாது.

இந்த வழிகாட்டி எவற்றைச் சொல்கிறான் என்று பாருங்கள். நன்னனின் பெருமையைப் பேசுவதற்கு இணையாகக் காலுக்கடியில் இருப்பதைப் பேசுகிறான். பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உண்டு, ஆகவே இருளில் நடவாதீர்கள். பாம்புகள் இருக்கும் குழிகள் உண்டு. தினைப்புனக் காவலர் யானையை விரட்டக் கவணால் எறியும் கற்கள் மரங்களில் பட்டுத் தெறித்து வரும், மறைந்து நில்லுங்கள். பாசி படர்ந்து வழுக்கும் இடம் இது, கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள். நடுகற்கள் இருக்கும் வழி அது, வணங்கிச் செல்லுங்கள். இந்த ஊரில் இன்ன உணவு தருவார்கள். பயணியின் உடலை நினைவில் வைத்துப் பேசும் பேச்சு இது. இன்றைய ஒலிவழிகாட்டிகளில் இரண்டு காதுகளையும் அடைத்துக்கொண்டு சாலையைக் கடக்க வைப்பவையும் உண்டு.

அடுத்தது ஒலி. மலையை யானையாகவும், அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் கண்டதால் வந்தது பாட்டின் பெயர். அருவி ஓசை, தேன் எடுப்போர் ஆரவாரம், கிளி கடியும் தட்டையின் ஓசை, புலி பாய்ந்த கணவனின் மார்புப் புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாட்டு, மலைப்பிளவில் விழுந்த குட்டிக்காக மந்தி சுற்றத்தோடு எழுப்பும் அழுகை, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு என்று அடுக்கிக்கொண்டே போகிறார் புலவர். நீ அங்கே போனதும் உன் காது எவற்றையெல்லாம் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்லி, காதைத் திறந்து வைக்கச் சொல்கிறது பாட்டு. நம் செவிக்கருவியோ காதை மூடிவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறது. பேராலயத்தில் பாடகர் குழு பாடிக்கொண்டிருக்கையில், அப்பேராலயத்தின் இசை மரபைப் பற்றிய பதிவை இயர்போனில் கேட்டுக்கொண்டு நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

பாட்டில் என்னை மிகவும் தொடுவன இரண்டு இடங்கள். வழி தப்பிப் பாறைகளுக்கிடையே சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? மேலும் நடக்காதீர்கள், உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள் என்கிறான் கூத்தன். அந்த ஓசை கேட்டு, ஆற்று வெள்ளத்தில் சிக்கியவர் கூக்குரலுக்கு ஓடி வருவது போலக் காட்டில் வாழும் கானவர் விரைந்து வருவர், பழமும் பூவும் காட்டுவர், வழியும் நடத்துவர். வழிகாட்டி தன் அறிவின் எல்லையை அறிந்திருக்கிறான். அந்த எல்லைக்கு அப்பால் அவன் கேட்பவனை அவ்விடத்து மக்களிடம் ஒப்படைக்கிறான். மற்றோரிடத்தில், வழிகள் பிரியும் கவலையில், பின்னால் வரும் புதியவர் அறியும்படி புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்கிறான். கேட்டவன் வெறும் கேட்பவனாக நின்றுவிடாமல் தானும் வழிகாட்டியாகிறான். கோடிக்கணக்கில் பணம் கொட்டி உருவாக்கும் செயலிகளில் எதிலாவது ‘இங்கே நிறுத்து, கருவியைக் கழற்று, எதிரில் வரும் கிழவரிடம் கேள்’ என்று சொல்லும் நிலை ஒன்று உண்டா என்று நான் தேடுவதுண்டு.

சொல்பவன் எங்கே நிற்கிறான் என்ற கேள்விக்கு நம் சமய இலக்கியத்திலும் விடைகள் உண்டு. நான்காம் நூற்றாண்டில் திருநாட்டுக்குச் சென்ற எஜேரியா என்ற பெண்மணி, தாம் கண்டவற்றை வீட்டில் இருந்த சகோதரிகளுக்காக எழுதினார். கேரளத்தின் பாறேம்மாக்கல் தோமாக் கத்தனார் 1778இல் புறப்பட்டு உரோமைக்குப் போய் வந்து மலையாளத்தில் எழுதிய வர்த்தமானப் புத்தகம், தம் திருச்சபை மக்களின் வழக்கைச் சுமந்து சென்றவரின் பயணக்கதை. உரோமையின் அழகை அவர் தம் மக்களின் கண்ணால் மட்டுமே பார்க்கிறார். நமக்கு மிக அருகில், விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எடுத்த வீரமாமுனிவர் எதிர்த்திசையில் நடந்தார். 1680இல் இத்தாலியில் பிறந்த அவர், தேம்பாவணியின் நாட்டுப் படலத்திலும் நகரப் படலத்திலும் யூதேயாவையும் எருசலேமையும் தமிழ் மருத நிலத்தின் வளத்தோடு வரைந்தார். அந்தப் படலங்களைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய எருசலேமில் வழி கண்டுபிடிக்க முடியாது. ஆயினும் 2011இல் அரசு மானியத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு திருநாட்டுக்குப் போய் வந்த எளிய தமிழர் பலர், வறண்ட குன்றுகளைக் கண்டு முதலில் திகைத்ததற்கும், தம் நெஞ்சில் இருந்த நாட்டை அங்கும் தேடியதற்கும் காரணம் முனிவர் விதைத்த அந்தப் பசுமையும்தான். நெல் வயலுக்கும் கல் மேட்டுக்கும் இடையே உள்ள இந்தத் திகைப்பைப் பேசும் ஒலிவழிகாட்டி ஒன்றைத் தமிழர் ஒருவர் எழுதினால் அது நல்ல இலக்கியமாகும்.

இதுவரை நாம் போகும் இடங்களைப் பேசினோம். நம்மிடம் வருகிறவர்க்கு நாம் என்ன சொல்கிறோம்? 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. இந்நாட்டில் குரல் இல்லாவிட்டால் ஊமையாகிவிடும் இடங்கள் நிறைய. திருக்கோவலூரில் பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்று சொல்லும் ஒருவர் அருகில் இல்லையென்றால், பாரி மகளிரும் இல்லை, நட்பும் இல்லை, வெறும் பாறைதான். கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பத்தை வாங்கிப் போகிறவர் வரவேற்பறையில் அது நிற்கிறது. செதுக்கியவர் மரத்தை எப்படித் தேர்ந்தார், உளி எங்கே தயங்கியது என்ற பேச்சு உடன் போவதில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய உளியின் பேச்சைக் கேட்க நாம் உரோமையில் காசு கொடுக்கிறோம்.

மலைக்கு மேலே நிலை இன்னும் கடினம். கல்வராயன் மலையைப் பற்றிப் பயணிகளுக்காகச் சொல்லப்படுவன பெரும்பாலும் மேகம் அருவி, பெரியார் அருவி, குளிர்ந்த காற்று, வெள்ளிமலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகள், அடிவாரத்துக் கோமுகி அணை. 2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, வெளியுலகுக்கு இம்மலை சாராயத்தின் மறுபெயராகிவிட்டது. சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து மலைமக்களின் நிலையை விசாரிக்கத் தொடங்கிய பின்னர்தான் சாலை, பள்ளி, மருத்துவம் என்ற சொற்கள் செய்திகளில் இடம்பெற்றன. அருவி ஒரு பக்கம், சாராயம் மறு பக்கம். இவ்விரண்டுக்கும் நடுவே வாழும் மலையாளி மக்களைப் பற்றி 1906இல் பிரான்சிஸ் துரை தென்னார்க்காடு மாவட்டச் சுவடியில் எழுதினார், 1909இல் தர்ஸ்டன் எழுதினார். எழுதப்பட்டவர்கள் பேசியதாக ஒன்றும் பயணியின் காதுக்கு வரவில்லை.

அவர்கள் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்க்குச் சிலவற்றைச் சொல்லலாம். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் மலையேறி வந்ததாகச் சொல்லும் வாய்மொழிக் கதை. கரியராமர் வழிபாடு. சாமையும் கேழ்வரகும் இருந்த நிலத்தில் மரவள்ளி ஏறிய வரலாறு. வேலை தேடிக் கேரளத்துக்கும் கருநாடகத்துக்கும் இறங்கிப் போனவர்களின் கதைகள். ஆந்திரக் காடுகளில் செம்மரம் வெட்டும் வேலைக்குக் கூட்டிச் செல்லப்பட்டு வழக்குகளில் சிக்கியவர்களின் கதைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாடு விடுதலை அடைந்து 29 ஆண்டுகள் ஆகும்வரை இம்மலை சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களின் ஆளுகையில் இருந்தது. 1976இல்தான் அரசு அவற்றைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஜாகீர் நாட்களை அறிந்தவர்கள் மலையில் இன்னும் இருக்கிறார்கள்.

அல்கட்ராசுக்குத் திரும்புகிறேன். சிறை மூடி 24 ஆண்டுகளுக்குள் அங்கிருந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேச வைத்ததால்தான் அந்தப் பதிவு வாய்த்தது. இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டிருந்தால் நடிகர்களே பேசியிருப்பார்கள். இப்போது கணிப்பொறியே தமிழில் பேசுகிறது. எழுத்தைக் கொடுத்தால் சில நொடிகளில் குரலாக்கித் தரும். மலிவு கருதிப் பலர் அதைத் தேடிப் போவார்கள். அந்தக் குரல் வெள்ளிமலையின் வட்டார ஒலியில் பேசாது. இருமாது, தயங்காது, ஒரு பெயரைச் சொல்லுமுன் சுற்றிலும் பார்க்காது. ஜாகீர் நாட்களைப் பேசும் முதியவர் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார் என்பதில்தான் பாதி வரலாறு இருக்கிறது.

இந்திய அரசின் சுற்றுலாத்துறை 2019 டிசம்பரில் சில புகழ்பெற்ற இடங்களுக்கு ஒலிவழிகாட்டி வசதியைத் தொடங்கியது. தாஜ்மகால் போன்ற இடங்கள் அந்தப் பட்டியலில் வந்தன. கல்வராயன் மலை அத்தகைய பட்டியல்களில் வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மலையின் பல சிற்றூர்களில் கைப்பேசித் தொடர்பு தட்டுத்தடுமாறியே கிடைக்கிறது. ஆகவே அடிவாரத்திலேயே இறக்கி வைத்துக்கொண்டு மேலே போய்க் கேட்கும் முறை, ஐரோப்பாவைக் காட்டிலும் இங்கேதான் பொருந்தும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு அறுபது மெகாபைட் போதும். மலையில் படித்து வரும் பிள்ளைகளிடம் ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி இருக்கிறது. தாத்தா, பாட்டியின் பேச்சு அவர்களுக்கு மொழிபெயர்ப்பின்றிப் புரியும். பன்றிப் பொறி எங்கே, வழுக்குப் பாறை எங்கே என்பதையும் அவர்களே அறிவார்கள். 1976இல் இருபது வயது நிறைந்திருந்தவர்க்கு இப்போது எழுபது வயதாகிறது.